லீவு நாளும் கடற்கரையும்: பாசிக்குடா நமக்கு எப்போது கிடைத்தது?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

லீவு வந்தால் பாசிக்குடாவுக்குப் போவது இன்று நமக்குப் பழகிப்போன விடயம். பெருநாளைக்கு அடுத்த நாள், சித்திரை வருடப்பிறப்பு, போயா தினம் என்று எந்த நாளில் பார்த்தாலும் ஓட்டமாவடி, வாழைச்சேனை, கிரான், ஏறாவூர், செங்கலடிப் பக்கமிருந்து ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் லான்ட்மாஸ்டரும் அந்தப் பக்கம்தான் ஓடும். பின்னால் பாய், சோற்றுச் சட்டி, தண்ணீர்க் கான், மாற்றுடுப்புப் பை. இது காலாகாலமாக நடந்து வருகிறது என்றுதான் நமது பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சாதாரண மனிதனுக்கு லீவு என்று ஒன்று கிடைத்ததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. கடற்கரை பொழுதுபோக்கும் இடமாக மாறியதற்கு இன்னொரு வரலாறு. இரண்டும் நம் பக்கத்தில் ஒன்றுசேர்ந்து இன்னும் நூறு வருடம் ஆகவில்லை. அதிலும் ஏறக்குறைய கால் நூற்றாண்டு நம்மிடமிருந்து பறிபோனது. பாடப்புத்தகத்தில் இது வராது. ஆகவே நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

முதலில் வெயிலைப் பற்றி.

வெயில் நமக்குப் புதிதல்ல. நமது மண்ணையே சூரியனை வைத்துத்தான் பிரித்துப் பெயர் சொல்கிறோம். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை. மழைக்கும் இங்கே தனிக் கணக்கு. கொழும்பிலும் காலியிலும் மே தொடங்கி தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, மலைகளைத் தாண்டி ஈரம் வற்றி நம் பக்கம் வருவது கச்சான் காற்று. ஆனி, ஆடியில் உடம்பைச் சுடும் அந்தக் காற்றை நமது மூத்தவர்கள் நன்றாக அறிவார்கள். நமக்கு மழை வாடையோடுதான் வரும். கார்த்திகை, மார்கழி, தை. அந்த மாதங்களில் கிரான் பாலத்தடி வெள்ளத்தில் மூழ்கி, அக்கரைக்குப் போகிற சனம் தோணியை நம்பியிருக்கும். ஆகவே நமது கடற்கரைக் காலம் மாசி, பங்குனியில் தொடங்கி புரட்டாதி வரை. தெற்கில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நம் கடல் அமைதியாகக் கிடக்கும். பாசிக்குடாவின் அருமையை வெளியாட்கள் கண்டுபிடித்ததற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம் அதன் அமைப்பு. குடா என்றால் நிலத்துக்குள் வளைந்து நுழைந்த கடல். பாசி படிந்த குடா பாசிக்குடா. பக்கத்தில் கல்லுள்ள குடா கல்குடா. பாசிக்குடாவுக்கு வெளியே முருகைக்கல் தொடர் அலையை உடைத்து விடுவதால் உள்ளே கடல் குளம்போல் கிடக்கும். நூறு மீற்றருக்கு மேல் நடந்து போனாலும் இடுப்பளவு தண்ணீர்தான். இலங்கையில் இப்படி இன்னோர் இடத்தைக் காண்பது கஷ்டம்.

ஆனால் அந்தக் காலத்து மக்கள் இந்த அழகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கடல் வேலைத்தலம். கரைவலை இழுப்பவருக்கு அது வயல். கரையில் கால் நனைத்து நிற்பது ஓய்வல்ல, உழைப்பு. முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தவருக்கு அது சூளைக்கு விறகு போல. வயல்காரனுக்கு லீவு கிழமையைப் பார்த்து வரவில்லை. பெரும்போக அறுவடை முடிந்து, நெல் வீட்டுக்கு வந்து, சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் வரும்வரை கிடைக்கும் இடைவெளிதான் அவனுக்கு லீவு. கால்நடைக்காரனுக்கு அதுவும் இல்லை. மாட்டுக்கு ஞாயிறும் தெரியாது, வெள்ளியும் தெரியாது.

அப்படியானால் நம் முன்னோர் மகிழ்ச்சிக்காகக் கடலுக்குப் போனதே இல்லையா? போனார்கள். ஆனால் அந்தப் போக்குக்கு ஒரு மார்க்கக் காரணமோ சடங்கோ துணையாக இருந்தது. தமிழ் உறவுகளுக்கு ஆடி அமாவாசையும் மாமாங்கத் தீர்த்தமும் இருந்தன. அமிர்தகழியில் தீர்த்தமாடிவிட்டு அப்படியே கடையும் களரியும் பார்த்துவிட்டுத்தான் வீடு வருவார்கள். நம் பக்கத்தில் ஒடுக்கத்துப் புதன். ஸபர் மாதத்தின் கடைசிப் புதன்கிழமை முஸீபத்து நீங்கும் என்ற நம்பிக்கையில் பல ஊர்களில் மாவிலையில் ஓதி எழுதிக் கரைத்துக் குளிப்பார்கள். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஆற்றுக்கும் கடலுக்கும் போவார்கள். தமிழ்நாட்டுக் கரையோர முஸ்லிம்களிடமும் இதே வழக்கம் இருந்தது. தெற்கே கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாஹுல் ஹமீது அவர்களின் பெயரால் ஏறும் கொடியும் அதைச் சுற்றிய கடற்கரைக் கூட்டமும் இன்னோர் உதாரணம்.

இவற்றின் மார்க்கச் சரி பிழையை இங்கே நாம் பேசவில்லை. அது உலமாக்களின் பொறுப்பு; இன்று நம்மில் அநேகர் ஒடுக்கத்துப் புதனைக் கைவிட்டும் விட்டோம். வரலாறாக மட்டும் பார்ப்போம். வருடம் முழுவதும் அடுப்படியில் இருந்த ஒரு மூத்தும்மா கடலில் கால் நனைக்க, யாரும் கேள்வி கேட்காத ஒரு நாள் அவளுக்கு இருந்தது. சடங்கு போனபோது அந்த நாளும் சேர்ந்து போனது. அதற்குப் பதிலாகப் பெண்களுக்கு எதைக் கொடுத்தோம் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இனி ரயில்.

கடற்கரைக்குப் பொழுதுபோக்கப் போகும் பழக்கத்தை உலகெங்கும் பரப்பியது ரயில்தான். 1841இல் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ரயில் ஓடத் தொடங்கியதும், பணக்காரர் மட்டும் போன கடற்கரைக்குத் தொழிலாளியும் போகத் தொடங்கினான். கொழும்பில் ஆளுநர் ஹென்றி வோர்ட் 1859இல் காலிமுகத்திடல் நடைபாதையை முடித்தபோது, கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக அதைப் பேணும்படி தனக்குப் பின் வருபவர்களைக் கேட்டு ஒரு கல் நட்டு வைத்தார். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று நாட்டை ஆண்டவர் எழுதியே வைத்த கடற்கரை இது. சென்னையில் ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் மெரினா நடைபாதையை அமைத்தார்.

நமக்கு ரயில் வந்தது 1928இல். மாஹோவிலிருந்து பிரிந்த பாதை பொலன்னறுவை, வெலிகந்தை, புனானை, வாழைச்சேனை, கல்குடா வழியாக மட்டக்களப்பை அடைந்தது. ஓட்டமாவடியில் ரயிலுக்கும் றோட்டுக்கும் ஒரே பாலம். ரயில் வந்தால் வாகனமெல்லாம் காத்து நிற்க வேண்டும். நம்மில் நடுவயது தாண்டியவர்கள் எல்லோருக்கும் அந்தப் பாலம் ஞாபகம் இருக்கும். கல்குடாவுக்கு ஒரு நிலையம் கிடைத்ததும், வாடிவீடு ஒன்று இருந்ததும் கடற்கரையின் தலையெழுத்தை மாற்றியது. இரவு ரயிலில் கொழும்பில் ஏறினால் காலையில் கல்குடா. வந்தவர்கள் யார்? வெள்ளைக்கார உத்தியோகத்தர்கள், தோட்டத்துரைமார், கொழும்பில் வசதியானவர்கள். நம்மவர்கள் அவர்களுக்கு இளநீர் வெட்டினார்கள், மீன் கொடுத்தார்கள், வண்டி கட்டினார்கள். லீவு அவர்களுக்கு, வேலை நமக்கு.

நமக்கு லீவு எப்போது வந்தது?

வெள்ளைக்காரன் காலத்தில் ஞாயிறு லீவு கந்தோருக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தான். சம்பளத்துக்கு வேலை செய்யும் சாதாரண ஆளுக்கு லீவு உரிமையானது பிந்தித்தான். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் கிழமைக்கு ஒன்றரை நாள் லீவையும் வருடாந்த லீவையும் சட்டமாக்கியது. கடைச் சிப்பந்தியாக இருந்த நமது வாப்பாமாருக்கும் மாமாமாருக்கும் முதலாளியிடம் கெஞ்சாமல் ஒரு நாள் வீட்டில் இருக்க வழி பிறந்தது. இரண்டு வருடம் கழித்து, 1956இல், வாழைச்சேனைக் கடதாசி ஆலை இயங்கத் தொடங்கியது. வைக்கோலில் கடதாசி செய்த ஆலை அது. தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று எல்லோரும் ஒரே சங்கு ஊதலுக்கு வேலைக்குப் போனார்கள். மாதச் சம்பளம், முறை வேலை, குறித்த லீவு. பக்கத்தில் பாசிக்குடா. உழைக்கும் மனிதன் லீவில் கடலுக்குப் போகும் பழக்கம் நம் பக்கத்தில் வேர்விட்டது இந்தத் தலைமுறையோடுதான் என்று சொன்னால் தப்பில்லை.

இந்த இடத்தில் நமது பிள்ளைகளுக்கு ஆச்சரியம் தரக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டும். 1966 தொடக்கம் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிறு லீவு நாள் அல்ல! டட்லி சேனநாயக்க அரசாங்கம் ஞாயிறை நீக்கிவிட்டுப் போயாவை வாராந்த லீவாக்கியது. அமாவாசை, வளர்பிறை எட்டாம் நாள், பூரணை, தேய்பிறை எட்டாம் நாள் என்று மாதத்துக்கு நான்கு போயா. சந்திரனின் கால்வட்டம் சரியாக ஏழு நாளுக்குள் அடங்காது, ஏழும் கொஞ்சமும். ஆகவே சில கிழமைக்கு ஏழு நாள், சில கிழமைக்கு எட்டு நாள். லீவு திங்களில் வரும், அடுத்தது செவ்வாயில் வரும். வெளிநாட்டு வியாபாரம் குழம்பியது; கிறிஸ்தவ உறவுகளுக்கு ஞாயிறு ஆராதனை சிரமமானது. கடைசியில் 1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறை நாட்கள் சட்டம் சனி, ஞாயிறைத் திருப்பிக் கொடுத்து, பூரணைப் போயாவை மட்டும் பொது விடுமுறையாக வைத்தது. இன்று வருடத்துக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ போயா லீவு கிடைப்பது அந்தச் சட்டத்தால்தான்.

பௌத்தர்களின் புனித நாள் நமக்குக் குடும்ப லீவானது இப்படித்தான். போயாவில் இறைச்சிக்கடை பூட்டு என்பதால் முதல் நாளே இறைச்சி வாங்கிப் பதம் பண்ணி வைப்பது, விடியச் சமைத்துக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போவது, இரவானால் பூரண நிலாவில் திரும்புவது எல்லாம் நம் வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டன. மட்டக்களப்பு வாவியில் பாடும் மீனைக் கேட்கத் தோணியில் போவோரும் நிலாக் காலத்தைத்தான் பார்ப்பார்கள். எமர்சன் டெனன்ட் என்ற ஆங்கிலேய உத்தியோகத்தர் 1848இல் அந்த ஓசையைக் கேட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்க நம் ஆட்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவைப்படவில்லை.

முஸ்லிம் பாடசாலைகளுக்கு லீவுக் கணக்கு இன்னும் வேறு. நோன்பு மாதத்தை ஒட்டி நீண்ட லீவு வரும். சந்திர வருடம் சூரிய வருடத்தைவிடப் பதினொரு நாள் அளவில் குறைவு என்பதால் அந்த லீவு வருடா வருடம் முன்னுக்கு நகரும். ஒரு காலம் மாரி மழையில் வரும், ஒரு காலம் கச்சான் வெயிலில் வரும். பெருநாள் எந்தக் காலத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்தே ஒரு தலைமுறையின் கடற்கரை ஞாபகம் அமையும். மார்கழியில் பெருநாள் கண்ட பிள்ளைகளுக்குப் பாசிக்குடா வெறும் சாம்பல் நிறக் கடல்தான்.

அடுத்து, கடற்கரையை நாடு கண்டுபிடித்த காலம். 1966இல் உல்லாசப் பிரயாணச் சபை அமைந்தது. 1967இல் வந்த பத்து வருடத் திட்டத்தில் கிழக்குக் கரையும் ஓர் உல்லாச வலயமாகக் குறிக்கப்பட்டது. பாசிக்குடாவில் பெரிய ஹோட்டல்கள் எழுந்தன, ஐரோப்பியர்கள் வெயில் காய வந்தார்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி நமது மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. தென்னைகள் சாய்ந்தன, கூரைகள் பறந்தன. இருந்தும் கரை மீண்டது. நாட்டுக்கு 1982இல் நான்கு இலட்சத்து ஏழாயிரத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பயணிகள் வந்தார்கள்.

அடுத்த வருடம் 1983. அதன்பின் நடந்தது உங்களுக்குத் தெரியும். 1987இல் வந்த பயணிகள் தொகை ஓர் இலட்சத்து எண்பத்து மூவாயிரத்தையும் எட்டவில்லை. ஆனால் வெளிநாட்டான் வராதது நமக்குப் பெரிய இழப்பல்ல. நாமே போக முடியாமல் போனதுதான் இழப்பு.

ஊர் வரிசையை ஒரு தடவை மனதில் ஓட்டிப் பாருங்கள். ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி, முறக்கொட்டாஞ்சேனை, சந்திவெளி, கிரான், கும்புறுமூலை, வாழைச்சேனை, ஓட்டமாவடி. ஒரு முஸ்லிம் ஊருக்கும் அடுத்த முஸ்லிம் ஊருக்கும் நடுவே தமிழ் ஊர்கள். ஒரு தமிழ் ஊருக்கும் சந்தைக்கும் நடுவே முஸ்லிம் ஊர். அந்த மாலையின் நடுமணி கிரான். சமாதானக் காலத்தில் இந்தக் கோர்வைதான் நமக்கு அழகு. கிரான் சந்தியில் பஸ் நின்றால் தயிர்ச் சட்டி ஏறும், ஏறாவூர்ப் புடவை இறங்கும். பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று நம் மூத்தவர்கள் சொன்னது மேடைப் பேச்சுக்காக அல்ல. ஒன்று இல்லாமல் மற்றதன் குழல் நிறையாது என்று கண்டு சொன்னது.

1990இல் அந்தக் கோர்வை அறுந்தது. ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், ஓகஸ்ட் 11 இரவில் ஏறாவூர், செப்டம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகம், செப்டம்பர் 9இல் சத்துருக்கொண்டான். ஒரு மாதம் சொச்சத்துக்குள் இத்தனையும். தொழுகையில் நின்றவர்களும், தஞ்சம் தேடி வந்தவர்களும், தூங்கிய பிள்ளைகளும் போனார்கள். யாருடைய கண்ணீர் கூட என்று அளக்க நாம் வரவில்லை. அதன்பின் ஏறாவூரான் கிரானைத் தாண்டிப் போகப் பயந்தான். கிரானான் ஓட்டமாவடிச் சந்தைக்கு வரப் பயந்தான். முகாம், சோதனைச் சாவடி, அடையாள அட்டை, சுற்றி வளைப்பு. சைக்கிளில் போகும் தூரத்தில் இருந்த கடல் கனவில் வரும் கடலாகியது. பாசிக்குடாவின் ஹோட்டல்கள் இடிந்து பற்றைக்குள் மறைந்தன. 1985க்கும் 2000க்கும் இடையில் இந்தப் பக்கம் வளர்ந்த எத்தனையோ பேருக்கு, கடலுக்குப் பத்து கிலோமீற்றர் அளவில் பிறந்தும் கடலில் குளித்த சிறுபராயம் இல்லை. முப்பது வயதிலிருக்கும் நமது தலைமுறையிலும் இதன் வால் உண்டு. நீந்தத் தெரியாத மீன்பிடி மாவட்டத்துப் பிள்ளைகள் நாம்!

2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்தம். மெல்ல மெல்ல வழி திறந்தது. ரயில் திரும்பவும் மட்டக்களப்பு வரை வந்தது. பாசிக்குடாவில் மீண்டும் பாய் விரிந்தது. அந்த மகிழ்ச்சி மூன்று வருடம் நீடிக்கவில்லை.

2004 டிசம்பர் 26. அன்று ஞாயிறு. நத்தாருக்கு அடுத்த நாள். அன்றே பூரணைப் போயா. பாடசாலை லீவும்கூட. ஒரு நாளுக்குள் எத்தனை லீவு! காலை ஒன்பது மணியளவில் கடல் எழுந்தது. நாடு முழுவதும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கல்குடா, பாசிக்குடா, நாவலடி என்று நமது கரை முழுவதும் ஓலம். லீவு நாளாக இருந்ததால் வீட்டில் இருந்தவர்களும், கரையில் விளையாடிய பிள்ளைகளும் அகப்பட்டார்கள். ஆனால் அன்று கிரான் பக்கத்து லான்ட்மாஸ்டர்களும் ஓட்டமாவடிப் பக்கத்து லொறிகளும் ஒரே றோட்டில்தான் ஓடின. சோற்றுப் பார்சல் கட்டிய கைகள் யாருக்கு என்று கேட்கவில்லை. பல வருடம் பேச்சுவார்த்தையால் சேர்க்க முடியாத இரண்டு சமூகத்தை ஒரு நாள் சாவு சேர்த்தது. அதற்குப் பிறகும் நெடுங்காலம் நம் சனத்துக்குக் கடலைப் பார்க்கவே மனம் வரவில்லை.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. றோட்டுகள் அகன்றன, ஓட்டமாவடிக்குப் புதிய பாலம் வந்தது. 2011 தொடக்கம் பாசிக்குடாவில் வரிசையாக நட்சத்திர ஹோட்டல்கள் திறந்தன. வேலைவாய்ப்பு வந்தது, மறுப்பதற்கில்லை. நமது மாணவர்கள் சிலர் அங்கே சீருடையோடு நிற்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம். ஆனால் குடாவின் வளைவில் பெரும்பகுதி மதிலுக்குப் பின்னால் போனது. மீன்பிடிக்காரனின் வாடியும் தோணித்துறையும் ஒரு ஓரத்துக்கு ஒதுங்கின. ஊர்ச் சனத்துக்கென்று மிஞ்சியது வாகனத் தரிப்பிடத்தை ஒட்டிய ஒரு துண்டு. பெருநாளன்று அந்தத் துண்டில் கால் வைக்க இடமிருக்காது. பக்கத்தில் நீண்ட மணல் வெறிச்சென்று கிடக்கும்.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வோம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர் நீர்மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரும் சராசரி தாழ் நீர்மட்டத்திலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயம். அதற்குள் எதைக் கட்டுவதற்கும் அனுமதி வேண்டும். அலை வந்து போகும் கரை அரசுடைமை. அரசுடைமை என்றால் மக்களுடைய பொதுச் சொத்து. கரை வழியாக நடந்து போகும் பிள்ளையை விரட்ட எந்தக் காவலாளிக்கும் உரிமையில்லை. சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. தெரிந்து வைத்திருக்கச் சொல்கிறோம். உரிமை தெரியாதவன்தான் ஒதுங்கிப் போவான்.

2019 ஏப்ரல் 21. மறுபடியும் ஒரு ஞாயிறு, மறுபடியும் ஒரு பெருநாள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு முடித்து நின்ற பிள்ளைகள் உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். செய்தவன் நமது மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவன். அந்த வேதனையையும் வெட்கத்தையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. மையித்துகளுக்குப் பக்கத்தில் நின்று "நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை" என்று விளக்கம் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதை அந்த மாதங்களில் கண்டோம். பிறகு பார்வைகள் மாறின. பர்தாவோடு ஒரு ராத்தா கரையில் பாய் விரித்தால் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நம் குடும்பங்கள் கடலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டன. அதைத் தொடர்ந்து கொரோனா முடக்கம்; அதற்கப்பால் 2022இல் பெற்றோல் வரிசை. பாடசாலையே எரிபொருளுக்காக மூடப்பட்ட வருடத்தில் பாசிக்குடாவுக்கு யார் போவது? சைக்கிள் வைத்திருந்த பொடியன்கள்தான் போனார்கள். தாத்தாமார் காலத்துப் போக்குவரத்து பேரன்மாருக்கு உதவியது.

இப்போது மறுபடியும் கூட்டம் சேர்கிறது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து கரையோரம் சமைத்துச் சாப்பிடும் சிங்களக் குடும்பங்கள், கிரானிலிருந்து பேரப்பிள்ளைகளோடு வரும் அம்மம்மாமார், ஓட்டமாவடியிலிருந்து சகனில் சோறு போட்டு வட்டமாக உட்காரும் நமது குடும்பங்கள். கச்சான் விற்கிறவனுக்கு மூன்று பாசையும் தெரியும். மூன்று சமூகமும் ஒரே தண்ணீரில் இடுப்பளவில் நிற்கும் இடங்கள் இந்த நாட்டில் எத்தனை இருக்கின்றன? பாடசாலைகள் தனித்தனி, பள்ளியும் கோயிலும் தனித்தனி, சந்தைகூடப் பல ஊர்களில் தனித்தனி. கடல் மட்டும் இன்னும் பொதுவாகக் கிடக்கிறது. அதனால்தான் அதைப் பொதுவாகவே வைத்திருப்பது நமது வேலையாகிறது.

ஆசிரியர்களாக, பெற்றோராக நாம் செய்யக்கூடிய சிலதைச் சொல்லி முடிக்கிறோம்.

பாசிக்குடாவின் அமைதியை நம்பிப் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். கல்குடாப் பக்கம் திறந்த கடல். அங்கே இழுவை வேறு. கடல் மாவட்டத்துப் பிள்ளைக்கு நீச்சல் பாடம் போல அவசியம். ஆண்பிள்ளைக்கு மட்டுமல்ல, பெண்பிள்ளைக்கும். சுனாமியில் பெண்கள் அதிகமாக மாண்டதற்கு நீந்தத் தெரியாததும் ஒரு காரணம் என்பதை மறந்துவிடக் கூடாது. பெண்களுக்கு வசதியான நேரமும் மறைவான உடுப்பு மாற்றும் இடமும் கேட்டு வாங்குவது ஆண்களாகிய நமது கடமை. 1859இல் ஒரு வெள்ளைக்கார ஆளுநருக்குத் தோன்றியது நமக்குத் தோன்றாமல் போகலாமா?

கரையில் போடும் சோற்றுப் பெட்டியும் லன்ச் சீட்டும் முருகைக்கல்லில்தான் போய்ச் சிக்கும். 1998இல் கடல் சூடேறி முருகைக்கற்கள் வெளிறிச் செத்தபோதே பாசிக்குடாவும் இழப்பைச் சந்தித்துவிட்டது. அந்தத் தொடர் போனால் அலையை உடைக்க ஆளில்லை. பிறகு குளம்போன்ற கடலும் இல்லை. கொண்டுபோன பையிலேயே குப்பையைக் கொண்டு வருவோம். சுத்தம் ஈமானின் பாதி என்று பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுப்பவர்கள் நாம்.

இன்னொன்று. உங்கள் வீட்டில் அறுபது, எழுபது தாண்டியவர்கள் இருந்தால் இந்த லீவில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கடதாசி ஆலைச் சங்கு எத்தனை மணிக்கு ஊதியது, போயா லீவு மாறி மாறி வந்தபோது வீட்டில் எப்படிக் கணக்கு வைத்தார்கள், ஒடுக்கத்துப் புதனுக்கு என்ன கட்டிக்கொண்டு போனார்கள், கிரான் சந்தியில் யாருடைய வீட்டில் தண்ணீர் குடித்தார்கள் என்று. சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது.

அல்லாஹ் நமது கரையையும், கரையில் கூடும் எல்லோரையும் பாதுகாப்பானாக. அடுத்த போயாவுக்குப் போகிறவர்கள், பக்கத்துப் பாயில் இருப்பவர் எந்த ஊரவர் என்று கேட்டு, கொண்டுபோன சோற்றில் ஒரு பீங்கான் அந்தப் பக்கமும் கொடுங்கள்.